மரத்தைக் காத்தது கடவுளா?

மத சம்பந்தமான எந்த மூடப்பழக்கத்தை நாம் கண்டித்தாலும், அதற்கு ஒரு புதுக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வரும் சமர்த்தர்கள் நம் நாட்டில் எக்காலத்திலும் உண்டு. ஏகாதசிப் பட்டினிக்கு வைத்தியக் காரணம் சொல்லுவார்கள். சாணிக்குக் கிருமி சாஸ்திரம் சொல்லுவார்கள். இப்பொழுது, காடு அழிகின்றது, மழை தவறுகின்றது, பூமியின் சூடு ஏறுகின்றது என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கை செய்ய ஆரம்பித்த பிறகு, இவர்கள் கையில் ஒரு புது ஆயுதம் அகப்பட்டிருக்கின்றது. "மரத்தில் தெய்வம் இருக்கின்றதென்று பெரியவர்கள் சொல்லி வைத்ததனால் அல்லவா மரம் பிழைத்தது? நீங்கள் தெய்வமும் இல்லை, பிசாசும் இல்லை என்று பேசி அந்தப் பயத்தைப் போக்கிவிட்டீர்கள், கோடரிக்குத் துணிவு வந்துவிட்டது" என்கின்றார்கள். ஆகவே காட்டை அழித்த பழியும் கடைசியில் பகுத்தறிவுக்காரர் தலையிலேயே வந்து விழுகின்றது.

இந்த வாதத்துக்குச் சாட்சியாக இவர்கள் ஆப்பிரிக்காவை அழைக்கின்றார்கள். அங்கே ஜனங்கள் மரத்தையும் தோப்பையும் ஆற்றையும் தெய்வமாகக் கொண்டாடுகின்றார்கள். கென்யாவின் கடலோரத்தில் மிஜிகெண்டா மக்களின் காயாக் காடுகளும், நைஜீரியாவில் ஒசூன் தோப்பும் இன்றைக்கும் நிற்கின்றன. யுனெஸ்கோ சபையாரே முந்தியதை 2008லும் பிந்தியதை 2005லும் உலகப் பாரம்பரியச் சொத்துகளாக ஏற்றுக்கொண்டார்கள் என்கின்றார்கள். வாஸ்தவம். ஆனால் அந்த ஒசூன் தோப்பின் சரித்திரத்தை முழுவதும் சொல்ல வேண்டாமா? 1950களில் அங்கே மரம் வெட்டப்பட்டு, நிலம் கைமாறி, தோப்பே பறிபோகும் நிலை வந்தது. மனிதர்கள் சிலர் முன்வந்து மல்லுக்கட்டி, 1965ல் சர்க்கார் அதன் ஒரு பகுதியைத் தேசியச் சின்னமாக அறிவித்து, சட்டத்தின் வேலி போட்ட பிறகுதான் அது தப்பிற்று. சாட்சியை அழைத்தவர்கள் அவர்கள். குறுக்கு விசாரணை செய்ய நமக்கும் பாத்தியம் உண்டு. ஆதலால் ஆப்பிரிக்காவையே எடுத்துக்கொண்டு பேசுவோம்.

கென்யாவின் நடுநாட்டு மலைப்பக்கத்தில் வசிப்பவர்கள் கிக்கூயு மக்கள். அவர்களுடைய நாட்டில் முகுமோ என்னும் பெரிய அத்தி மரம் உண்டு. அது தங்கள் கடவுளாகிய இங்கையின் மரமென்று சொல்லி, அதை வெட்டமாட்டார்கள். நையேரிப் பக்கத்து இஹிதே என்னும் கிராமத்தில் 1940ல் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அவள் தாயார், விறகு பொறுக்கப் போகும்போதெல்லாம், அந்த மரத்தின் சுள்ளியைக்கூடத் தொடாதே, அது கடவுளின் மரம் என்று சொல்லி அனுப்பினார். அந்த மரத்தின் அருகே ஒரு சுனை இருந்தது. அந்தக் குழந்தை அதன் ஓடையில் தலைப்பிரட்டைகளைப் பிடித்து விளையாடிற்று. பின்னாளில் அது பெரியதாகி, அமெரிக்காவில் உயிர்நூல் படித்துத் திரும்பியபோது, அத்தி மரத்தின் வேர் பாறையைப் பிளந்துகொண்டு ஆழத்தில் இறங்கி நிலத்தடி நீரைத் தொடுகின்றது, அந்த நீர் வேரின் வழியே மேலேறித் தாழ்ந்த இடத்தில் ஊற்றாகக் கிளம்புகின்றது, மலைச்சரிவின் மண்ணையும் அந்த வேரே பிடித்து நிறுத்துகின்றது என்று தெரிந்துகொண்டது. அந்தப் பெண்தான் 2004ல் நோபல் சமாதானப் பரிசு பெற்ற வங்காரி மாதாய் அம்மையார். இந்தச் சங்கதிகளை அவரே தமது சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார்.

அந்தத் தாயாரை நாம் பரிகாசம் செய்யவில்லை. அத்தி நின்றால் சுனை நிற்கும் என்பதை எந்தக் காலத்திலோ யாரோ சிலர் கண்ணால் கண்டு, அனுபோகத்தில் அறிந்துதான் இருக்கவேண்டும். ஆனால் அந்த அறிவு பேரன் பேத்திகளுக்கு வந்து சேரவில்லை. அறிவைச் சுற்றிக் கட்டிய பயம் மட்டுந்தான் வந்து சேர்ந்தது. பருப்பு போய்த் தோல் மிஞ்சிற்று. அதன் பலன் என்னவாயிற்று? 1895ல் கிழக்கு ஆப்பிரிக்காவை வெள்ளைக்காரர் தங்கள் பாதுகாப்பு நாடாக அறிவித்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே பாதிரிகள் வந்தார்கள். உங்கள் கடவுள் மலையிலும் இல்லை, மரத்திலும் இல்லை, எங்கள் கோவிலில் இருக்கின்றார் என்றார்கள். ஜனங்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பழைய கடவுள் போனார். அவரோடு பழைய பயமும் போயிற்று. பயம் ஒன்றையே வேலியாகக் கொண்டிருந்த மரத்துக்கு அப்புறம் வேலி ஏது? வங்காரி அம்மையாரின் அத்தி நின்ற நிலம் வேறொருவர் கைக்கு மாறிற்று. அவருக்கு அந்த மரம் வெறும் இடத்தை அடைக்கும் தொந்தரவாகத் தோன்றிற்று. வெட்டிவிட்டுத் தேயிலை வைத்தார். ஓடை வற்றிப்போயிற்று. தலைப்பிரட்டையும் போயிற்று. கடவுள் வந்து ஏனென்று கேட்கவில்லை.

அப்படியானால் அந்த மரத்தைக் கைவிட்டது பகுத்தறிவா? கென்யாவில் அக்காலத்தில் சுயமரியாதைப் பிரசாரம் செய்தவர் யார்? ஒரு மூடநம்பிக்கையை இன்னொரு மூடநம்பிக்கை துரத்திற்று. நடுவில் மரம் செத்தது. இதுதான் நடந்த விஷயம். பயத்தின்பேரில் நடக்கும் காவல் கூலிக்கு வைத்த காவல். எஜமான் மாறினால் காவற்காரனும் மாறிவிடுவான். அன்றியும், அந்தப் பயம் உள்ளூர்க்காரனைத்தான் கட்டுப்படுத்தும். உன் கடவுளுக்கு அஞ்சாதவன் துப்பாக்கியோடும் பத்திரத்தோடும் வந்து நின்றால், அவனிடத்தில் அந்தக் கடவுளின் அதிகாரம் செல்லுமா? வந்த வெள்ளைக்காரன் மலைக்காட்டை அழித்துத் தைலமரமும் சீமை வேலமும் பைனும் வரிசை வரிசையாக நட்டான். நீலகிரியில் சோலையையும் புல்வெளியையும் அழித்து அவன் செய்ததும் அதே காரியந்தான். ஒரே சர்க்கார், ஒரே மரம், ஒரே லாபக் கணக்கு. இரண்டு மலைகளிலும் இருந்த தெய்வங்களில் ஒன்றாவது எதிர்த்து ஒரு மனுவாவது போட்டதாக நமக்குத் தகவலில்லை.

நிற்க. ஆப்பிரிக்கர் என்றாலே மரத்தைக் கும்பிடுகின்றவர்கள் என்று பேசுவதும், அவர்களுக்கு யோசனை செய்யத் தெரியாது, பக்தி செய்யத்தான் தெரியும் என்று சொல்லுவதும் ஒன்றுதான். இந்தப் புகழ்ச்சியைவிட வசவு மேல். கானா நாட்டில் குவாசி விரேடு என்று ஒரு தத்துவ ஆசிரியர் இருந்தார், 2022ல் காலமானார். 1980ல் வெளிவந்த தமது புத்தகத்தில் அவர் தம் சமூகத்துக்கு மூன்று வியாதிகள் உண்டென்று எழுதினார். காலம் போன பழக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுவது ஒன்று. பெரியவர் சொன்னால் ஏனென்று கேட்காதே என்னும் அதிகாரம் ஒன்று. எதற்கும் தெய்வத்தையும் ஆவியையும் காரணம் காட்டுவது ஒன்று. நம் பத்திரிகையை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்த மூன்றும் புதியவை அல்ல. ஆனால் அதே விரேடு, தம் அக்கான் மக்களின் பழைய எண்ணங்களில் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நிலம் இப்பொழுது உயிரோடிருப்பவனுக்கு மட்டும் சொந்தமல்ல; செத்தவர்களுக்கும், இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு; முன்னோருக்கு ஒருவன் செய்யவேண்டிய கடமைகளில் தலையானது, நிலத்தைக் கெடாமல் பின்சந்ததியிடம் ஒப்புவிப்பதுதான் என்பதே அது.

இங்கே நம் வாசகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் நாட்டில் முன்னோர் கடன் என்றால் என்ன? எள்ளும் தண்ணீரும் இறைப்பது, அரிசியும் வாழைக்காயும் புரோகிதனுக்குக் கொடுப்பது, தட்சிணை வைப்பது. செத்த பாட்டனின் பசி இருக்கிறவன் வயிற்றின் வழியாகத் தீருகின்றது. அக்கான் மக்கள் நடுவிலும் முன்னோருக்கென்று தரையில் மது வார்க்கும் சடங்கு உண்டு. அதை நாம் புகழ வரவில்லை. ஆனால், பாட்டனுக்குப் பட்ட கடனைப் பேரனிடத்தில் தீர்க்கவேண்டும் என்னும் எண்ணத்தில் எவனுடைய தொந்தியும் வளரவில்லை. மண் மட்டுமே வளருகின்றது. அந்நாட்டில் அசாந்தி மக்கள் வியாழக்கிழமையில் நிலத்தில் மண்வெட்டி போடமாட்டார்கள். கடலோர மீன்பிடிகாரர்கள் செவ்வாய்க்கிழமையில் வலை வீசமாட்டார்கள். பூமித்தாய்க்கு ஓய்வு, கடல் தெய்வத்துக்கு ஓய்வு என்று காரணம் சொல்லுகின்றார்கள். மண்ணுக்கும் மீனுக்கும் உழைக்கும் மனிதனுக்கும் ஓய்வு வேண்டும் என்று நேராகச் சொன்னால் என்ன குற்றம்? அப்படிச் சொன்னால், ஒரு நாள் போதாத வருஷத்தில் இரண்டு நாள் விடலாம் என்று யோசிக்கவும் இடமிருக்கும். தெய்வம் சொன்ன கிழமையை மாற்ற யாருக்குத் துணிவு வரும்?

இது இப்படியிருக்க, வங்காரி அம்மையார் செய்த வேலைக்கு வருவோம். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவிலேயே டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். 1971ல் நைரோபியில் பெற்றார். 1970களில் தேசியப் பெண்கள் சபைக் கூட்டங்களில் கிராமத்துப் பெண்கள் வந்து முறையிட்டார்கள். விறகுக்கு நெடுந்தூரம் போகவேண்டியிருக்கின்றது, குடிதண்ணீர் சுத்தமாயில்லை, பிள்ளைகளுக்குச் சத்தில்லை என்றார்கள். நிலமெல்லாம் காப்பிக்கும் தேயிலைக்கும் போய்விட்டது. விறகு குறைந்ததனால், அதிக நேரம் வேகவேண்டிய பழைய சத்துள்ள சாப்பாடு அடுப்பை விட்டுப் போய்விட்டது. நம்மூர்ப் பிரசங்கியாயிருந்தால் இது கலியின் கொடுமை என்று சொல்லி ஒரு யாகத்துக்கு வசூல் போட்டிருப்பார். இந்த அம்மையாரோ, மரம் நடுவோமே என்றார். 1977 ஜூன் மாதம் 5ந் தேதி நைரோபியில் ஏழு மரக்கன்று நட்டு ஆரம்பமான அந்த வேலைக்குப் பசுமை வளைய இயக்கம் என்று பேராயிற்று.

உடனே சர்க்கார் வன உத்தியோகஸ்தர்களுக்குக் கோபம் வந்தது. மரம் வளர்ப்பது படித்துப் பட்டம் வாங்கியவன் செய்யவேண்டிய காரியம், எழுத்தறியாத பெண்களுக்கு அதில் என்ன யோக்கியதை என்றார்கள். வேதம் ஓத யோக்கியதை கேட்ட கதை நமக்குத் தெரியும்; அங்கே விதை போட யோக்கியதை கேட்டார்கள். ஏர் பிடிக்கிறவளுக்கும் களை எடுக்கிறவளுக்கும் விதை போடத் தெரியாதாம்! அந்தப் பெண்கள் உடைந்த பானையிலும் பழைய டப்பாவிலும் விதை போட்டு, காட்டு மரங்களிலிருந்தே விதை பொறுக்கி, தங்களுக்குத் தெரிந்த முறையில் நாற்று வளர்த்தார்கள். நட்ட கன்று பிழைத்தால்தான், அதற்குச் சிறு கூலி, நட்டதற்கு அல்ல. புஷ்பமும் பிரசாதமுமாகக் கூட்டம் கூட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு, மறுநாள் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கருகும் நம்மூர் மரம் நடு விழாக்களுக்கு இந்த ஒரு விதியைக் கடன் வாங்கினால் போதும்.

இவற்றையெல்லாம்விட நம் மனதைக் கவர்ந்தது அந்த அம்மையார் கிராமங்களில் நடத்திய பாடக்கூட்டம். உங்கள் கஷ்டங்களைச் சொல்லுங்கள் என்பார். நீளமாகச் சொல்லுவார்கள். இதற்கெல்லாம் காரணம் யார் என்பார். சர்க்கார் என்பார்கள். சர்க்காரின் குற்றத்தை அவர் மறுக்கவில்லை. பிறகு, பிரயாணம் போகிறவன் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பார். போகவேண்டிய ஊர் போய்ச் சேரமாட்டான் என்பார்கள். ஏன் ஏறினான்? எவரையும் கேட்காததனால், கேட்டும் பொய் சொல்லப்பட்டதனால், எழுத்துத் தெரியாததனால், குடித்திருந்ததனால், கேட்கப் பயந்ததனால், எல்லாம் எனக்குத் தெரியும் என்னும் கர்வத்தினால் என்று ஜனங்களே ஒவ்வொன்றாகச் சொல்லுவார்கள். கடைசியில், நாம் ஏறியிருக்கும் பஸ் எது என்று யோசனை வரும். தலைவிதி, முன்வினை, கடவுள் சித்தம் என்னும் பேச்சுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் கிடையாது. கன்று நடுவதற்கு முன்னே அவர் நட்டது இந்தக் கேள்வியைத்தான்.

இனி, மரத்தைக் காத்தது பழைய ஆசாரம் என்கிறவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடம் வருகின்றது. 1989ல் கென்யா சர்க்கார், நைரோபி நகரத்தின் நடுவில் ஏழை எளியவர்கள் காற்று வாங்கும் ஊஹூரு தோட்டத்தில் அறுபது அடுக்கு மாளிகை ஒன்றும், ஜனாதிபதி மோயின் பெரிய சிலை ஒன்றும் எழுப்ப ஏற்பாடு செய்தது. வங்காரி அம்மையார் எதிர்த்துக் கடிதமேல் கடிதம் எழுதினார். சட்டசபையில் அங்கத்தினர்கள் சிரித்தார்கள். புருஷனை விட்ட பெண்களின் கூட்டம் என்று ஏசினார்கள். ஜனாதிபதியோ, ஆப்பிரிக்க ஆசாரப்படி நல்ல பெண்ணாயிருந்தால் ஆண்களுக்கு மரியாதை கொடுத்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று பொதுமேடையில் பேசினார். பார்த்தீர்களா? எந்த ஆசாரம் மரத்தைக் காத்ததென்று நமக்குப் பாடம் நடத்துகின்றார்களோ, அதே ஆசாரத்தின் பேரால்தான் மரத்தைக் காக்க வந்தவளின் வாய் அடைக்கப்பட்டது. ஆசாரம் ஆளுகிறவன் கைப்பிடி. மரத்துக்கு வேண்டும்போது மரத்தில் தெய்வம் இருக்கும். மாளிகைக்கு வேண்டும்போது பெண்ணுக்கு நாக்கு இருக்கக்கூடாது. அந்த அம்மையார் வாயை மூடவில்லை. அவருடைய இயக்கம் சர்க்கார் கட்டிடத்திலிருந்து வெளியே தள்ளப்பட்டது. ஆனால் வெளிநாட்டு முதலாளிகள் பின்வாங்கினார்கள், மாளிகை எழும்பவில்லை. தோட்டம் ஜனங்களுக்கே நின்றது.

புருஷனை விட்டவள் என்று ஏசினார்களே, அதன் உண்மையையும் சொல்லிவிடுவோம். வழக்குப் போட்டு விவாகரத்து வாங்கியவர் அவர் கணவர், 1979ல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பளித்த நீதிபதியைக் குறைசொன்னாரென்று அம்மையாரைச் சிறையில் வைத்தார்கள். சில நாளில் விட்டார்கள். பிறகு கணவர், என் பெயரை இனி நீ போட்டுக்கொள்ளக் கூடாது என்றார். மதாய் என்பது அவர் பெயர். அம்மையார் அதில் ஓர் எழுத்தைக் கூட்டி, நம் எழுத்தில் சொன்னால் ஒரு துணைக்கால் சேர்த்து, மாதாய் என்று வைத்துக்கொண்டார். அவன் பெயரும் அல்ல, தகப்பன் பெயருக்குத் திரும்பியதும் அல்ல. பெண்ணின் சுயமரியாதை ஒரு துணைக்காலில் எழுந்து நின்றது.

1992ல் அரசியல் கைதிகளின் தாய்மார்கள் அதே தோட்டத்தில் உண்ணாவிரதம் இருந்தபோது அம்மையார் கூட இருந்தார். போலீசார் தடிகொண்டு அடித்ததில் மூர்ச்சையாகி விழுந்தார். 1999 ஜனவரியில் நைரோபியின் ஓரத்திலுள்ள கரூரா காட்டைத் துண்டு போட்டு ஆளும் கட்சியின் சிநேகிதர்களுக்குக் கொடுப்பதை எதிர்த்து, அங்கே ஒரு கன்று நடப் போனார். கூலி ஆட்கள் மண்டையை உடைத்தார்கள். போலீஸ் நிலையத்தில் புகார் எழுதி, வழிந்த இரத்தத்தையே தொட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு கன்று நடுவதற்கு இவ்வளவு அடியா என்று கேட்கலாம். அடி விழுந்தது கன்றுக்காக அல்ல. இந்த நிலம் யாருடையது என்று கேட்டதற்காக.

நைஜீரியாவின் கதை இன்னும் கொடியது. நைகர் ஆற்று முகத்துவாரத்தில் ஒகோனி மக்கள் வசிக்கின்றார்கள். நிலத்தையும் ஆற்றையும் தெய்வமென்று கொண்டாடியவர்கள் அவர்கள். 1958 முதல் ஷெல் கம்பெனி அங்கே எண்ணெய் எடுத்தது. குழாய் உடைந்து எண்ணெய் வயலில் பரவிற்று, வாயு இரவும் பகலும் எரிந்தது, மீன் செத்தது. ஆற்றுத் தெய்வத்தால் ஒரு குழாயையாவது அடைக்க முடிந்ததா? கென் சாரோ விவா என்னும் எழுத்தாளரும் தோழர்களும் 1990ல் உரிமைச் சாசனம் எழுதி, ஊர் ஊராகப் பேசி, 1993 ஜனவரி 4ந் தேதி ஏறக்குறைய மூன்று லட்சம் ஜனங்களைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்த வருஷத்திலேயே கம்பெனி ஒகோனியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்திற்று. தெய்வம் முப்பத்தைந்து வருஷத்தில் செய்யாததை ஜனங்கள் ஒரே வருஷத்தில் செய்தார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். இராணுவ சர்க்கார் கொலைக் குற்றம் சாட்டி, தனி நீதிமன்றம் வைத்து, 1995 நவம்பர் 10ந் தேதி சாரோ விவாவையும் எட்டுப் பேரையும் தூக்கிலிட்டது. 2009ல் குடும்பத்தார் அமெரிக்காவில் போட்டிருந்த வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே கம்பெனி ஒரு கோடியே ஐம்பத்தைந்து லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. 2011ல் ஐக்கிய நாட்டுச் சபையின் சுற்றுச்சூழல் இலாகா பரிசோதித்தபோது, ஒரு கிராமத்துக் கிணற்று நீரில் பென்சீன் என்னும் விஷம் அனுமதித்த அளவைப்போல் 900 மடங்குக்கு மேலிருந்தது. அந்த நாட்டைச் சுத்தம் செய்ய 25 முதல் 30 வருஷம் ஆகும் என்று அவர்கள் எழுதி வைத்தார்கள்.

இவ்வளவும் சொன்னதனால் வங்காரி அம்மையாரை நம் கட்சிக்காரர் என்று நாம் பாத்தியம் கொண்டாட வரவில்லை. அவர் பள்ளியில் படிக்கும்போது கத்தோலிக்க மதத்தைத் தழுவியவர். கடவுள் பேச்சை விட்டவரும் அல்லர். தம் முன்னோர் அத்தி மரத்துக்குக் கொடுத்த மரியாதையைப் பாதிரிகள் கெடுத்தது நஷ்டமென்றே எழுதினார். நாமும் நஷ்டமென்றே சொல்லுகின்றோம். மரியாதை வேறு, பயம் வேறு என்பது ஒன்றுதான் நம் வித்தியாசம். அவரும் கன்று நட்டவர்களிடத்தில் மந்திரம் கேட்கவில்லை. வேர் எப்படி நீரைப் பிடிக்கின்றது என்றுதான் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண்கள் நட்டு வளர்த்த மரம் அவர் பரிசு பெற்ற 2004க்குள் ஏறத்தாழ மூன்று கோடி ஆயிற்று; அதற்குப் பிறகு ஐந்து கோடியையும் தாண்டிற்று. இவற்றில் எந்த மரத்துக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, உண்டியல் கட்டவில்லை.

2011 செப்டம்பர் 25ந் தேதி அம்மையார் நைரோபியில் காலமானார். தமக்காக ஒரு மரத்தை வெட்டிச் சவப்பெட்டி செய்யக்கூடாதென்று முன்னரே சொல்லி வைத்திருந்தார். ஆகவே மூங்கிலும் கோரையும், ஏரிகளை அடைத்துக்கொண்டிருக்கும் ஆகாயத் தாமரையும் கொண்டு பின்னிய பெட்டியில் வைத்து, அவர் அடிபட்ட அந்த ஊஹூரு தோட்டத்துக்கே கொண்டுபோய் சர்க்கார் மரியாதை செய்து, பிறகு தகனம் செய்தார்கள்.